ஹலோ சொல்லாத அக்கா

அக்கா போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். பச்சைப் பொத்தானை இழுத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அந்தப் பக்கத்து ஆள் ஹலோ ஹலோ என்று கத்திப் பார்ப்பார். லைன் கட்டாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவார். கடைசியில் தானாகவே "நான் இன்னார் பேசறேன்" என்பார். அதற்கப்புறம்தான் அக்காவின் குரல் வரும்.

"ஏங்க்கா, ஒரு ஹலோ சொன்னா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பண்ணவன் அவன். யாரு, இன்னா விசயம்னு அவன்தான் சொல்லணும். கதவத் தட்னவன் கம்முனு நிப்பான், உள்ள கீறவ பேரு ஊரெல்லாம் சொல்லணுமா? நல்லா கீதே ஞாயம்."

அதுவும் முதல் தடவை அடிக்கும்போது எடுக்கவே மாட்டார். போன் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். அது பாட்டுக்கு அடித்து ஓயும். "முக்கியம்னா திரும்பப் பண்ணுவான்" என்று கீரையை ஆய்ந்துகொண்டிருப்பார்.

இப்போது என் தையல் கடை குன்றத்தூர்ப் பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னால் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில், அக்காவின் வீட்டு முன்பக்க ஷட்டரில்தான் பல வருஷம் ஜாக்கெட் தைத்தேன். அக்காவின் குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் போட்ட இடமெல்லாம் வீடாகி, அவர்களுக்கு நாலு போர்ஷனும் இரண்டு ஷட்டரும் வாடகைக்கு நின்றன. நான் பத்தாவது வரை படித்தவள். அதிகம் பேச வராது. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு செய்கிற தொழில் எனக்குப் பொருத்தம்தான். பேசாமல் இருப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா மத்தியானம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். நான் தைத்துக்கொண்டே கேட்பேன்.

அக்காவை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் அவ்வளவுதான். ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி முன்னாலா பின்னாலா என்று முடிவு பண்ண ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். பாதி வெட்டிய துணியோடு நான் காத்திருப்பேன். முகூர்த்தத்துக்கு என்று கிளம்பினால் பந்திக்குப் போய்ச் சேருவார்கள். அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, உறுமவிட்டு, ஆஃப் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருப்பார்.

"செல்வி, உங்க அக்காவக் கூட்டுனு போறதுக்கு எமனே ரெண்டு வாட்டி வரணும், பாத்துக்கோ" என்பார் என்னிடம்.

உள்ளேயிருந்து பதில் வரும். "மொத வாட்டி வந்தா உன்ன கூட்டுனு போவச் சொல்றேன். நீதான் எப்பவும் ரெடியா கீற."

மற்ற இடத்திலெல்லாம் பேஜாராக இருந்த இந்தக் குணம், போனில் மட்டும் வேறு மாதிரி வேலை செய்தது.

ஒருநாள் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தன் கூப்பிட்டான். பேங்கிலிருந்து பேசுகிறானாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆகப் போகுது."

"ஆவட்டும்."

"இல்ல மேடம், உடனே அப்டேட் பண்ணணும். இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அந்த நம்பரச் சொல்லுங்க."

"இருப்பா, கண்ணாடி உள்ள கீது."

போனை என் டேபிள் மேல் வைத்துவிட்டு அக்கா உள்ளே போனார். அவன் "மேடம், மேடம்" என்று என் கத்திரிக்கோலிடம் பேசிக்கொண்டிருந்தான். அக்கா நிதானமாக வந்து, புடவைத் தலைப்பில் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, மெசேஜைத் திறந்தார். இங்கிலீஷில் இருந்தது. என்னிடம் நீட்டினார். "முழுசா படி. பாதில நிறுத்தாத."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னேன். நம்பருக்குக் கீழே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள், பேங்க் ஆட்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று இருந்தது.

அக்கா போனை வாயருகே கொண்டு போனார். "ஏம்பா, யாருக்கும் சொல்லாதன்னு நீங்களே எழுதி அனுப்பறீங்க. அப்பறம் நீங்களே போன் போட்டு சொல்லுன்றீங்க. உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒக்காந்து பேசி ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கினு வாங்க. நான் எங்கியும் போவ மாட்டேன்."

அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தான். அக்கா கண்ணாடியைக் கழற்றி, "வாயப் பாத்தியா பேங்க் ஆபீசருக்கு" என்றார்.

பழைய பீரோ கதை இன்னும் நன்றாக இருக்கும். அக்காவின் அண்ணன் மகள் அதைப் போட்டோ எடுத்து, பழைய சாமான் விற்கிற ஏதோ ஆப்பில் போட்டுவிட்டாள். அன்றைக்கே ஒருத்தன் கூப்பிட்டான். மிலிட்டரியில் இருக்கிறானாம், தாம்பரத்துக்கு டிரான்ஸ்ஃபராம், சொன்ன விலையையே தருகிறானாம்.

"நேர்ல வந்து பாருப்பா" என்றார் அக்கா.

"பார்க்கவே வேண்டாம் ஆன்ட்டி. பணம் இப்பவே அனுப்பறேன்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "கதவு சாத்துதா சாத்தலயானு கூட கேக்க மாட்டன்றான்டி. எனுக்கே அது சாத்துமான்னு தெரியல."

வாட்ஸ்அப்பில் ஒரு கட்டம் கட்டமான படம் வந்தது. அதை ஸ்கேன் பண்ணி, ரகசிய நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றான். சீக்கிரம் ஆன்ட்டி, பரேடுக்கு நேரமாகிறது என்றான்.

"செல்வி, உனுக்குத் தையக் கூலி போன்ல வருதே, அப்ப நீ நம்பரு குத்துவியா?"

"இல்லக்கா. குடுக்கறவங்கதான் குத்துவாங்க. எனக்குச் சும்மா வந்து விழும்."

"அப்ப நான் குத்துனா துட்டு எந்தப் பக்கம் போவும்?"

இது எனக்குக்கூட அதுவரை தோன்றியதில்லை. அக்கா போனில் அன்பாகவே சொன்னார்: "தம்பி, நீ பார்டர்லயே இரு கண்ணு. பீரோ இங்கியே இருக்கட்டும். நாட்டப் பாரு."

அந்த பீரோவை அப்புறம் பழைய இரும்புக்காரர் நேரில் வந்து, கதவு சாத்தவில்லை என்று பேரம் பேசித்தான் எடுத்துப் போனார்.

எப்போதும் அக்கா பக்கமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை எனக்கு, கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடு என்று மெசேஜ் வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம். ஓவர்லாக் மிஷின் நின்றால் என் பிழைப்பே நின்றுவிடும். அந்த நம்பரைத் தொடப் போனேன். அக்கா போனைப் பிடுங்கி டிராயரில் போட்டு மூடினார்.

"கட் பண்ணட்டும். கரண்ட் ஆபீஸ்காரன் என்னிக்குடி உனுக்குப் பாசமா போன் பண்ணிச் சொன்னான்? பில்லு கட்னியா இல்லையானு பழைய ரசீதப் பாரு. அவசரத்துக்கு வந்த நம்பருக்குப் போன் போடாத. எப்பவும் கட்ற எடத்துல போய்க் கேளு."

போய்க் கேட்டேன். கட்டியாகிவிட்டது என்றார்கள். அதுவரை சரி. ஆனால் அதே தைரியத்தில் அக்கா தன் வீட்டுக்கு வந்த நிஜமான மெசேஜையும் "போடா டுபாக்கூர்" என்று விட்டுவிட்டார். ஒரு காலையில் லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மிக்ஸியில் பாதி அரைந்த சட்னியோடு அக்கா வாசலுக்கு வந்தார். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியா, நெசமான ஆளுன்னா நேர்ல வரான்" என்றார் அக்கா. அதிலும் அவருக்குத் திருப்திதான்.

என் கடை மேலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. ஷட்டர் ஓரத்தில் பணம் வாங்க ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வெளியே போகும்போதெல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், மேலே வேறு எவனாவது தன்னுடையதை ஒட்டியிருக்கிறானா என்று. போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்தால் ஒட்டி முடிகிற வரை கடைக்காரன் மூக்குக்கு நேராக நிற்பார். "லாக்க எட்த்துக் குடுங்கம்மா" என்று அவன் கேட்டால், "கண்ணாடி ஒட்றதுக்கு லாக்கு எதுக்கு? வெளியதான ஒட்ற?" என்பார். அவன் பதில் சொல்வதற்குள் பின்னால் நிற்கிற கூட்டம் சலித்துக்கொள்ளும். அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அக்காவுக்கு ஒரே மகன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கல்யாணமாகி அங்கேயே குடும்பம். மருமகள் நல்ல பெண். ஓசூர் தையல் பிடிக்கவில்லை என்று எனக்குத்தான் அளவு ஜாக்கெட்டைக் கூரியரில் அனுப்புவாள். டிசைன் பார்க்க என்னோடு வீடியோவில் பேசுவாள். அக்காவுக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மத்தியானம் அக்கா, ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முன்னல்லாம் சளி புச்சா கூட எனுக்குத்தான் மொதல்ல சொல்லுவான். இப்ப அவகிட்ட சொல்லி, அவ எனுக்குச் சொல்றா."

நான் வாயில் குண்டூசி இருப்பதுபோல் சும்மா இருந்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு பகல். நல்ல வெயில். மாமா, திருமுடிவாக்கத்தில் அவர்கள் வாடகைக்கு விட்டிருந்த ஷெட்டைப் பார்க்கப் போயிருந்தார். நான் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். கேட் படாரென்று திறந்தது. அக்கா ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. காலில் செருப்பு இல்லை. கொண்டை அவிழ்ந்திருந்தது. இடுப்பில் பேங்க் பாஸ்புக். காதில் போன்.

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "செல்வி, வண்டிய எட்றீ. பேங்குக்குப் போணும். சீக்கிரம்" என்றார்.

அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கால் மிஷின் பெடலிலிருந்து தானாக நகர்ந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"எம் புள்ளைய போலீசு புச்சிக்கினு பூட்டாங்களாம்டி. கூட வந்த பசங்க பையில இன்னாத்தியோ வெச்சிருந்தானுங்களாம். கேசு எழுதறதுக்கு முன்ன துட்டு கட்டுனா வுட்ருவாங்களாம். இப்பவே கட்டணும்."

"யாருக்கா சொன்னது?"

"ஆபீசரு லைன்ல கீறாரு. அவனும் பேசுனான். அயுவுறான்டி. அடிச்சிருக்காங்க."

"மாமாவுக்கு ஒரு போன்..."

"வாணாம். லைன கட் பண்ணக் கூடாதுன்ட்டாரு."

"அவங்க வீட்ல, ஓசூர்ல..."

"அவளுக்குத் தெரியவே கூடாதாம். அவனே சொன்னான். 'அம்மா, உங்கிட்ட மட்டும்தாம்மா சொல்றேன்'னான்."

அவ்வளவு பயத்திலும், அதைச் சொல்லும்போது அக்காவின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது.

பேங்கில் இருந்தது கடைசி மனையை விற்ற பணம் என்று எனக்குத் தெரியும். மகன் வீடு கட்டுவதற்கென்று போட்டு வைத்தது. இது பொய்யாக இருக்கும் அக்கா என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவர் பெரியவர், வீட்டுக்காரம்மா. அதுவும் போக, நிஜமாக இருந்துவிட்டால்? நான் நிறுத்தி வைத்த நேரத்தில் அந்தப் பையனுக்கு இன்னும் நாலு அடி விழுந்தால்?

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்கூட்டியில் உட்கார்ந்தேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினால்தான் என் வண்டி ஸ்டார்ட் ஆகும். அக்காவுக்கு அது தெரியாது. நான் பிரேக்கைப் பிடிக்காமல் அமுக்கினேன். மறுபடியும் அமுக்கினேன்.

"ஸ்டார்ட் ஆகலக்கா."

"இன்னாடி இது, இப்பப் போயி!"

"இருங்கக்கா, மெக்கானிக் நம்பர் உள்ள இருக்கு" என்று கடைக்குள் போய், துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓசூருக்குப் போன் போட்டேன். மருமகள் உடனே எடுத்தாள்.

"செல்விக்கா, ஜாக்கெட் ரெடியா?"

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"அவரா? நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறாரே. ஏன்க்கா?"

திரையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். "வீடியோல வா கண்ணு. அவரக் காட்டு. நீ எதுவும் பேசாத. அப்புறம் சொல்றேன்."

நான் வெளியே வந்தபோது அக்கா தெருவில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "வந்துகினே கீறேன் சார், அவன அடிக்காதீங்க சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். சார் என்று அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. நான் என் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

ஃபேன் சுற்றுகிற அறை. கட்டிலில் லுங்கியோடு ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்தார். ஒரு கால் தலையணை மேல். குறட்டை.

அக்காவின் போனிலிருந்து, "அம்மா, வலிக்குதும்மா, சீக்கிரம் வாம்மா" என்று ஒரு அழுகை எனக்கே கேட்டது. என் போனிலிருந்து குறட்டை. அக்கா தன் போனைப் பார்த்தார். என் போனைப் பார்த்தார். மறுபடி தன் போனைப் பார்த்தார்.

பிறகு என் காதருகே வந்து, "பனியன தூக்கச் சொல்லு. முதுகுல மச்சம் கீதான்னு பாக்கணும்" என்றார்.

மருமகள் பனியனைத் தூக்கினாள். மச்சம் இருந்தது. தூக்கத்திலேயே அந்த ஆள் "ச்சூ" என்று அவள் கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அக்கா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். போனில் இப்போது அந்த ஆபீசர் குரல். "என்னம்மா, பேங்க் போயாச்சா இல்லையா? எஃப்ஐஆர் போட்டுருவேன்."

"அயுதானே, அவங்கிட்ட குடு சார்."

"அதெல்லாம் இப்ப முடியாது."

"துட்டு வேணும்னா குடு."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு அழுகை வந்தது. "அம்மா..."

"இன்னா நல்லா அயுவுற நைனா" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "உங்கம்மா உசிரோட கீதா?"

அழுகை நின்றது.

"கீதுன்னா, இதே மாரி அயுதுகினு அதுக்கு ஒரு வாட்டி போன் பண்ணு. செருப்பு கூடப் போடாம எப்டி ஓடி வருதுன்னு பாரு. பாத்துட்டு அப்பறம் எனுக்குப் பண்ணு."

திட்டுவான் என்று நினைத்தேன். யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் கட் ஆனது.

"நம்பர பிளாக் பண்ணிட்டு சைபர் கிரைமுக்குச் சொல்லணும்க்கா. இல்லன்னா வேற யாருக்காவது பண்ணுவானுங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசியது எனக்கே அதிகமாகத் தெரிந்தது.

"சொல்லலாம்" என்றார். உள்ளங்கால் இரண்டும் தார் ரோட்டுச் சூட்டில் சிவந்திருந்தன. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

என் போனில் மருமகள் இன்னும் இருந்தாள். பயந்துபோய், "அத்தை, என்ன ஆச்சு? ஏன் இப்படி இருக்கீங்க? அவர எழுப்பட்டுமா?" என்றாள்.

"வாணாம், வாணாம். ராவெல்லாம் முய்ச்சிருக்கான். தூங்கட்டும்."

"அப்ப வெச்சிடட்டுமா அத்தை?"

"வெக்காத. போன அப்டியே அவன் பக்கம் காட்டு."

அவள் காட்டினாள். அக்கா என் ஸ்டூலை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டு, கண்ணாடி இல்லாததால் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, மகன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் மிஷினில் உட்கார்ந்தேன். சத்தம் போடக் கூடாது என்று தைக்காமல் இருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து போனில் மருமகளின் குரல் மெதுவாக வந்தது. "அத்தை, கை வலிக்குது."

"அந்தக் கையில மாத்திப் புடி, கண்ணு" என்றார் அக்கா.